இரண்டு ஆள் மரம்

திருச்சானூரில், லாட்ஜின் பின்பக்கம் நின்ற தூங்குமூஞ்சி மரத்தைப் பிரமிளா ஒரு பக்கமும் அவள் கணவன் ஹேமநாத் மறுபக்கமுமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டை கன்னத்தில் உரசியது. அந்தப் பக்கம் நின்ற அவன் முகம் தெரியவில்லை. பெட்ரோலும் மரத்தூளும் கலந்த அவன் சட்டை வாசனை மட்டும் வந்தது. ரேணிகுண்டாவில் பாதுகாப்புச் சாமான் விற்கும் ஜீவரத்தினம் போனில் கேட்ட முதல் கேள்வியே மரம் எவ்வளவு சுற்று என்பதுதான். மரம் வெட்டுவதுதான் தொழில் என்றாலும் அவர்கள் எந்த மரத்தையும் நாடா பிடித்து அளந்ததில்லை. ஓர் ஆள் மரம், ஒன்றரை ஆள் மரம், இரண்டு ஆள் மரம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

மாடிப்படியில் நின்ற லாட்ஜ் மேனேஜர் கங்கையாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏமய்யா, செட்டுனி பெள்ளி சேசுகுண்டுன்னாரா?" என்றார். மரத்தைக் கல்யாணம் செய்துகொள்கிறீர்களா என்ற அந்தக் கேள்விக்கு மரத்துக்குப் பின்னாலிருந்து ஹேமநாத்தும் சிரித்தான். "ஏற்கெனவே ஒண்ணு பண்ணிக்கினு படறது போதாதா சார்?"

பிரமிளாவும் சிரித்தாள். அவளுடைய இடது கை அவன் வலது கையைத் தொட்டதுமே அவன் விரல்கள் அவளைப் பற்றிக்கொண்டன. மறுபுறம் வலது கையை நீட்டித் துழாவினாள். அவனுடைய இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அகப்பட்டன. பிடித்துக்கொண்டாள்.

"இந்தாண்ட எட்டிச்சு. அந்தாண்ட எட்டலையா?" என்று கேட்டான் அவன்.

அவள் அந்த இரண்டு விரல்களையும் பிடித்தபடிதான் இருந்தாள். இன்னும் அழுத்தினாள். நகத்தால் லேசாகக் கிள்ளினாள்.

"இன்னா மே, தூங்கிட்டியா? எட்டலன்னா எட்டலன்னு சொல்லு."

"எட்டிச்சு மாமா," என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டாள். "ரெண்டு ஆளு மரம்தான்."

எக்ஸ்எல் வண்டியில் அவளைப் பின்னால் உட்காரவைத்து ரேணிகுண்டா போகும் வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். கூரைமேல் தொங்கும் கிளையை எந்தப் பக்கம் இறக்குவது, கயிற்றை எந்தக் கவையில் போடுவது என்றெல்லாம். திருச்சானூர் கோயிலில் கார்த்திகைத் திருவிழா தொடங்குமுன் அந்தக் கிளை இறங்கியாக வேண்டும். கூட்டம் வந்தால் அதன் அடியில்தான் வண்டிகளை நிறுத்துவார்கள். பிரமிளா ம் கொட்டினாளே தவிர அவள் மனம் வேறு எங்கோ இருந்தது. போன மழையில் புத்தூர்ப் பக்கம் ஒரு புளியமரத்தில் அவன் கால் வழுக்கி, இடது கையால் கிளையைப் பற்றித் தொங்கிய காட்சிதான் கண்முன் நின்றது. தோள் வீங்கியது, வடிந்தது, சரியாகிவிட்டது என்றான். அதற்குப் பிறகு டீ கிளாசை ஒருமுறை நழுவவிட்டான். சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையால் போடப் பழகிக்கொண்டிருந்தான். நடுவில் ஒருநாள் அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்கினான். சுடவில்லையா என்று கேட்டதற்கு, மரம் ஏறுகிற கை என்று பெருமையாகச் சொன்னான். அவளும் நம்பி, அக்கம்பக்கத்தில் அதைச் சொல்லிச் சிரித்திருந்தாள்.

மேலே அவன் அறுப்பான், கீழே அவள் நிற்பாள். கயிறு விடுவது, வருகிறவர்களை ஒதுக்குவது, கிளை சுழன்றால் கத்துவது எல்லாம் அவள் பொறுப்பு. பெண்ணைக் கீழே நிறுத்தி மரம் வெட்டுகிற ஆள் என்று ஊர்ப்பக்கம் நகரியில் அவனைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. அவன் கவலைப்பட்டதில்லை. அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கீழே எல்லாம் சரி பார்த்துவிட்டு அவள் "ஏறு" என்று சொன்னால்தான் அவன் மரத்தில் கால் வைப்பான். சண்டை போட்டுப் பேசாமலிருந்த நாட்களில்கூட அந்த ஒரு சொல்லுக்காக மரத்தடியில் காத்து நின்றிருக்கிறான்.

இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிக் கட்டும் அவனுடைய பழைய நைலான் கயிற்றில் மிஷின் ரம்பம் பட்டிருந்ததை, சுருட்டி வைக்கும்போது அவள்தான் கண்டுபிடித்தாள். பாதிக்குமேல் அறுந்திருந்தது. அவன் முடிச்சுப் போட்டு ஓட்டிவிடப் பார்த்தான். அவள் அதைத் துண்டு துண்டாக வெட்டித் துணி காயப்போடக் கட்டிவிட்டாள். அதனால்தான் புதுக் கயிறு வாங்க ரேணிகுண்டாவுக்குப் புறப்பட்டிருந்தார்கள்.

ஜீவரத்தினத்தின் கடையில் ஹெல்மெட்டுகள் பரங்கிக்காய் போலத் தொங்கின. நடுவிலிருந்த தூணில் சாக்கு சுற்றியிருந்தது. வாங்குகிறவர்கள் கட்டிப் பார்ப்பதற்காக. அவர் முதலில் ஒரு குட்டைக் கயிற்றை எடுத்து, பிறகு தானே உள்ளே வைத்தார்.

"இது கரண்டு கம்பம் ஏறுறவங்களுக்கு. ரெண்டு ஆளு மரம்னு சொன்னீங்க, பத்தாது. நீளமா ரெண்டு வகை இருக்குது. இது வெறும் கயிறு, லேசு. முடிச்ச ரெண்டு வெரல்ல இழுத்தா நீளும், விட்டா பிடிச்சுக்கும். இன்னொண்ணுல உள்ள இரும்பு வடம், ரம்பம் பட்டாலும் சட்டுனு அறாது. அதும்மேல இருக்கிற பிடிய உள்ளங்கையால அமுக்கணும். கனம் ஜாஸ்தி."

"லேசானதே குடு அண்ணா," என்றான் ஹேமநாத். "அவ்ளோ கனத்த எவன் தூக்கிக்கினு ஏறுவான்? தூக்கிக் குடுக்கச் சம்சாரத்தையா கூட்டிக்கினு போறேன்?"

"கூட்டிக்கினு போனா அறுத்த கிளையெல்லாம் ஒழுங்கா எறங்கும்," என்றாள் பிரமிளா. ஜீவரத்தினம் சிரித்தார்.

இடுப்பு வாரைக் கட்டி, இரண்டு பக்க வளையங்களிலும் கொக்கிகளை மாட்டி, தூணைச் சுற்றிக் கயிற்றைப் போட்டுப் பின்னால் சாய்ந்தான். முடிச்சு இடது பக்கம் வந்தது. வலது கையில் எப்போதும் ரம்பம் இருக்கும். இடது கைதான் கயிற்றை நீட்டிச் சுருக்க வேண்டும். நீட்டினான், சுருக்கினான். நன்றாகத்தான் செய்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் குனிந்து இடது கையைப் பார்த்துக்கொண்டே செய்ததைப் பிரமிளா கவனித்தாள்.

"மேல பாத்துக்கினு பண்ணு மாமா."

"எதுக்கு?"

"மரத்து மேல கையவா பாத்துக்கினு இருப்ப? கிளையத்தான பாக்கணும்."

அவன் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தான். இடது கை இடுப்பருகே போனது, தடவியது, இறுகப் பிடித்து இழுத்தது. கயிறு நீளவில்லை. மறுபடி இழுத்தான். அவன் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது சட்டையின் ஓரத்தை.

ஜீவரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உள்ள இன்னொரு அளவு இருக்குதான்னு பாத்துட்டு வரேன்," என்று திரைக்குப் பின்னால் போனார். அங்கே பெட்டிகளை நகர்த்தும் சத்தம் வேண்டிய அளவுக்குமேல் கேட்டது.

ஹேமநாத் குனிந்து தன் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"மரத்தாண்டயே தெரிஞ்சிடுச்சா?"

"கிள்ளினேன். நீ எட்டலையான்னு கேட்ட."

"ரெண்டு வெரலுதான் மரத்துப்போச்சு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

பின்னால் சாய்ந்த நிலையிலிருந்து அவன் நிமிரவில்லை. கயிறு அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது. "சொன்னா நீ ஏறுன்னு சொல்லமாட்ட," என்றான்.

கோபப்படத்தான் பிரமிளா நினைத்திருந்தாள். வழியெல்லாம் அதற்கான சொற்களைச் சேர்த்தும் வைத்திருந்தாள். அந்த மழையிலிருந்து அவன் ஏறிய ஒவ்வொரு மரமும் கண்ணெதிரே வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள்தான் ஏறு என்றிருந்தாள். அந்தச் சொல்லை ஏமாற்றி வாங்கியிருக்கிறான். ஆனால் சட்டையின் கசங்கிய ஓரத்தை வலது கையால் நீவி நீவிச் சரிசெய்துகொண்டு அவன் நிற்பதைப் பார்த்தாள். கிட்டே போய்ச் சட்டையைத் தானே நேராக்கினாள்.

ஜீவரத்தினம் செருமிக்கொண்டு வெளியே வந்தார்.

"அண்ணா, அந்த இரும்பு வடம் போட்டத குடுங்க," என்றாள். "பிடிய வலது பக்கம் வெக்கலாமா?"

"வெக்கலாம்மா. ஆனா வலது கையில மிஷின் இருக்குமே."

"மிஷின நிறுத்தி இடுப்புல மாட்டிட்டு, அப்பறம் கயித்த மாத்துவாரு."

"ஒவ்வொரு வாட்டியும் நிறுத்தினா பொழுது போயிடும் மே," என்றான் ஹேமநாத்.

"போவட்டும்."

 அவன் புதிய கயிற்றை மாட்டி, பிடியை வலது உள்ளங்கையால் அமுக்கி, இந்த முறை யாரும் சொல்லாமலே மின்விசிறியைப் பார்த்தான். கயிறு நீண்டது. சுருங்கியது.

"கிளை குறுக்க வந்தா அவுத்து மாட்டணுமே," என்றாள். "அதுக்கு இன்னொரு கயிறும் குடுங்க. ரெண்டாவத மாட்டாம மொதலாவத அவுக்கக்கூடாது."

"மேல போறது நானா, இவளா?" என்று ஹேமநாத் ஜீவரத்தினத்திடம் கேட்டான்.

வெளியே வந்து, வண்டியை எடுக்குமுன் பிரமிளா சொன்னாள். "காலையில திருப்பதி ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டருகிட்ட."

"திருவிழா வருது. கங்கையா சார் கத்துவாரு."

"கத்தட்டும். தெலுங்குல கத்தினா நானும் தெலுங்குல கத்தறேன்."

லாட்ஜில் விட்டிருந்த ரம்பத்தையும் மற்ற கயிறுகளையும் எடுத்துப்போகத் திருச்சானூருக்கே திரும்பினார்கள். கங்கையா இல்லை. பொழுது சாய்ந்து, மரம் இலைகளை மூடத் தொடங்கியிருந்தது. ஹேமநாத் புதிய கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு ஆடு நிக்கிற ஒசரத்துக்கு ஏறறேன்," என்றான். "சும்மா சாஞ்சு பாக்கறேன். ரம்பம் தொடமாட்டேன்."

"ஆட்டு ஒசரம்தான். அதுக்கு மேல போனா கயித்த இழுத்துடுவேன்."

கயிறு மரத்தைச் சுற்றி வந்து அவன் இடுப்பில் சேர்ந்தது. இரண்டு ஆள் போக ஒரு கைப்பிடி மிச்சமிருந்தது. பட்டையில் கால்களை ஊன்றிப் பின்னால் சாய்ந்தான். கயிறு விறைத்துத் தாங்கியது. அவன் முகத்தில் அவள் பல நாளாகப் பார்க்காத ஒரு நிம்மதி.

பிரமிளா மரத்தின் மறுபக்கம் போனாள். கையிலிருந்த வளையல்களைச் சத்தம் வராதபடி முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டாள். "எடது கையக் குடு," என்றாள். பட்டையைத் தடவிக்கொண்டு கை வந்தது. பெருவிரலைத் தொட்டாள்.

"பெருவெரலு," என்றான் அங்கிருந்து.

ஆள்காட்டி விரல். சொன்னான். நடுவிரல். கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் சொன்னான்.

பிறகு சுண்டுவிரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். மேலே இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி மடிந்துகொண்டிருந்தன. மரத்துக்கு அந்தப் பக்கம் அவன் அடுத்த விரலை அவள் தொடுவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவள் விரலை விடவில்லை.