தண்ணீரில் வந்த புகை

மது இறக்குமதிக் கம்பெனியில் சுவை பார்ப்பவரை எல்லாரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில் வைத்துத் துப்புவதோடு சரி, ஒரு சொட்டுகூடத் தொண்டைக்குள் இறங்காது. "குடிச்சுட்டே சம்பளம் வாங்குற ஆளு" என்று பக்கத்து வீட்டார் கேலி செய்தால் சிரித்துக்கொள்வார். அந்த மூக்குதான் அவருக்குச் சோறு போட்டது.

அன்று காலை மேசையில் நீலக் கண்ணாடிக் குவளைகள் இரண்டு மூடி போட்டு இருந்தன. நிறத்தைப் பார்த்து யாரும் ஊகித்துவிடக் கூடாதே என்றுதான் நீலம். வந்திருந்தது ஒரே பீப்பாயில் பல வருஷம் கிடந்த ஸ்காட்ச் விஸ்கி. சதுப்பு நிலத்து மண்ணை எரித்து, அந்தப் புகையில் உலர்த்திய பார்லியில் செய்தது. மூக்கர் சரியென்றால் கம்பெனி அந்தப் பீப்பாயையே வாங்கிவிடும்.

முதல் குவளையைத் திறந்து முகர்ந்தார்.

"அப்பாடி, என்னா புகை! சாராய நெடியையே மூடிடுச்சு. துணி கருகின வாசனை. நூலு, பட்டன்கூட எரிஞ்சிருக்கு. எழுதிக்கம்மா."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சோதனைக்கூடத்துப் பெண்ணின் கை நின்றது.

"அண்ணே, அது வெறும் தண்ணி. ஒத்துப் பாக்குறதுக்காக நான்தான் வெச்சேன்."

மூக்கர் மறுபடி முகர்ந்தார். அதே புகை. மனைவியின் தையல்கடை தீப்பிடித்து அவள் அதிலேயே போன நாளிலிருந்து அந்த வாசனை அவரை விடவில்லை. தலையணையில் வந்தது. கடவுளே என்று கண்ணை மூடினாலும் வந்தது. யாரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை. கெட்டுப்போன மூக்கை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மானேஜர் போனில் இருந்தார். அந்தப் பெண் எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. குவளையை வாங்கித் தானும் முகர்ந்தாள். ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றுமில்லை என்று அவள் வாயால் சொல்லவில்லை.

"துணி, நூலு, பட்டன்... யாருண்ணே அது?" என்று மெல்லக் கேட்டாள்.

கடவுள் சில நேரம் இப்படி ஒரு கேள்வியாகத்தான் வருகிறார்.

"என் வீட்டுக்காரிம்மா," என்றார் மூக்கர். தீயைப் பற்றி முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். அவள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அவங்க வாசனை எதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? அதத் தள்ளி வெச்சுட்டு மிச்சத்தச் சொல்லுங்க."

இரண்டாவது குவளையிலும் கருகிய துணிதான் முதலில் வந்து நின்றது. அவர் பொறுத்திருந்தார். அதன் பின்னாலிருந்து வேறொரு புகை வந்தது: ஈர மண், கடல் உப்பு, ஆஸ்பத்திரிக் கட்டின் மருந்து நெடி. வாயில் வைத்தார். தார்; அப்புறம் மெல்லத் தேன். இந்தப் புகை நாக்கில் கரைந்தது. மனைவியின் புகை கரையவில்லை.

"நல்ல பீப்பாய். வாங்கலாம்," என்று மானேஜரிடம் போய்ச் சொன்னவர், தண்ணீர் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

"நானும் கூட முகர்ந்து பாக்குறேன் சார்," என்றாள் பின்னாலேயே வந்த பெண்.

மானேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு மூக்கா? சம்பளம் ஒரு மூக்குக்குத்தான், சொல்லிட்டேன்."

அதிலிருந்து தினமும் அவள் முதலில் தண்ணீர்க் குவளையைத்தான் நீட்டுவாள்.

"வீட்டுல சொல்லிட்டு வேலைக்கு வாங்கண்ணே."

அவர் முகர்ந்து, தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார். என்றாவது ஒருநாள் அது வெறும் தண்ணீராகவே இருந்துவிடுமோ என்பதுதான் இப்போது அவருடைய பயம்.