சகனில் ஓர் ஒற்றன்

கல்யாண வீட்டில் நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதைச் சகன் என்பார்கள். யார் எவ்வளவு அள்ளினார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் நஸீமா தன் தம்பி அன்வரைக் கணவரின் சகனில் ஒற்றனாக உட்கார வைத்தாள்.

கடலூர் முதுநகரில் கயிற்றுக் கடை வைத்திருந்த அவள் கணவர் சேக் பரீதுக்கு என்ன மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. கேழ்வரகுக் கூழ், சப்பாத்தி, காலை நடை, எல்லாம் செய்தும் முந்நூறுக்கு மேல். நஸீமாவோ அவர் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று முடிவே கட்டிவிட்டாள். பாவம், மனுஷர் இனிப்பைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. சர்க்கரையைவிட அவளுடைய சந்தேகம்தான் அவரை வாட்டியது.

"சத்தியமா மச்சான் இனிப்பத் தொடல," என்றான் கல்யாணத்திலிருந்து திரும்பிய அன்வர்.

"அப்ப சகன்ல வச்ச அல்வா மிச்சமே வரலியே? நீயும் அவரு பக்கம் சாஞ்சுட்டியா?"

அன்வர் தலையைச் சொறிந்தான்.

சிதம்பரத்தில் டாக்டர் சந்திரலேகா கல்லீரலையும் சேர்த்துப் பரிசோதித்தபோது உண்மை வெளிவந்தது. ஹெபடைட்டிஸ் சி. முன்பு கால் ஒடிந்தபோது ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம் என்றார்.

"இந்தக் கிருமி இருந்தா இன்சுலின் சரியா வேலை செய்யாது. சுகர் அடங்காததுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். மூணு மாசம் மாத்திரை போட்டா பெரும்பாலும் போயிடும்."

நோய் என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் பரீதுதான். உடனே முகம் சுருங்கியது. "இனிமே யாரும் ஏங்கூட ஒரே தட்டுல சாப்பிட மாட்டாங்களே?"

"தட்டுல ஒட்டாதுங்க. ரத்தத்துலதான் பரவும்."

வீடு வந்ததும் நஸீமா அவருடைய தனித் தட்டை ஒதுக்கிவிட்டு, பெரிய தட்டில் சோறும் ஆணம் என்கிற மீன் குழம்பும் பரப்பி எதிரே உட்கார்ந்தாள்.

"ஒங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேனே," என்று அழுதாள். பரீதுக்கும் கண் கலங்கியது. அன்று இருவரும் ஒரே தட்டில் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

மாத்திரை முடிந்ததும் கிருமி போயிற்று. சர்க்கரையும் பாதிக்குப் பாதி இறங்கியது. அடுத்த கல்யாணத்தில் அன்வர் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னுமாடா வேவு பாக்குற?"

"இல்ல மச்சான். ஒங்க பங்கு அல்வாவ இவ்ளோ நாளா நான்தானே தின்னேன்!"

"அடப்பாவி, அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா!"

"சொல்லியிருந்தா அக்கா என்னய மறுபடி அனுப்பியிருப்பாங்களா?"

பரீது விழுந்து விழுந்து சிரித்தார். அல்வாவை அவரே அவன் பக்கம் தள்ளி வைத்தார்.