சிவப்புக் கோட்டுக்குக் கீழே

“பள்ளிக்கூடமே வேண்டாம்னு ஓடிப்போன பொண்ணு, இப்ப தினமும் எனக்கு முன்னாடி வந்து பள்ளிக்கூட வாசல்ல நிக்கிறியே, உனக்கே சிரிப்பா இல்ல?”

கேட்டில் உட்காரும் மாமா என்னிடம் ஒருநாள் இப்படிக் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

எனக்கு எப்போதுமே வாய் வராது. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. மறுநாளும் ஒட்டிக்கொண்டது. ஒரு மாதம் அப்படியே போனபின் பையை ஆணியில் மாட்டிவிட்டேன். சில வருஷம் வீட்டில் இருந்து, பதினெட்டு வயது ஆனதும், சித்தி சமைக்கிற இந்தப் பள்ளிச் சமையலறைக்குக் காய் நறுக்க வந்தேன். மாமாவின் கேள்வியை ஒரு புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, பதிலுக்கு நாலு வரி இடம் விட்டு வைத்தேன்.

நோட்டு பருப்பு டின்னுக்குப் பின்னால் இருந்தது. அது இருப்பது சித்திக்குக்கூடத் தெரியாது.

சித்தி அந்த அடுப்புக்குப் பத்தொன்பது வருஷ ராணி. அவள் கரண்டி ஒரு சின்னக் கிண்ணம் அளவு இருக்கும். முதல் வகுப்புப் பொடிசுக்கும் எட்டாம் வகுப்பு நெட்டைக்கும் அதே கரண்டியில் தலை தட்டாமல் ஒரு கரண்டி. யாராவது முகம் சுளித்தால், “பிள்ளை வயித்துல அளவு பார்க்கிறவ நான் இல்ல” என்று இன்னும் அரைக் கரண்டி விழும். அது அப்படியே கழிவு டிரம்முக்குப் போகும். நான்தான் டிரம்மைக் கழுவுகிறவள். எந்த வகுப்புத் தட்டில் என்ன திரும்பி வந்தது என்று எனக்குத்தான் தெரியும். அதைத்தான் நோட்டில் எழுதுவேன்.

ஒருநாள் மேல் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஒல்லியானவர். பேச்சில் சிக்கனம் பிடிக்கிறவர். நேராக டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். விளிம்புவரை சோறு. சட்டைப்பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, டிரம்மின் கால்வாசி உயரத்தில் சுற்றிலும் சிவப்பாக ஒரு கோடு போட்டார்.

“பதினஞ்சு நாள். இந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கணும். இல்லன்னா அடுப்பை மூடிட்டு, வெளியிலேருந்து பாக்கெட் சாப்பாடு.”

அவ்வளவுதான். போய்விட்டார். சித்தி அன்று பருப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். டிரம் வழிந்து தரையில் நின்றது.

மறுநாளே அறிவியல் டீச்சர் களத்தில் இறங்கினார். வயதில் சின்னவர், நடையில் ஓட்டம். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் மூன்று தொட்டிகள் வந்தன. காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், மிஞ்சிய சாப்பாட்டுக்குப் பச்சை மூடி போட்ட எங்கள் டிரம். டிரம்மில் விழுவது தோட்டத்துக் குழிக்குப் போய் உரமாகும். காகிதம் கட்டுக் கட்டாக ஆலைக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு போட்டி: எந்த வகுப்பு குறைவாக மிச்சம் வைக்கிறதோ, நிறையக் காகிதம் சேர்க்கிறதோ, அதற்குக் கொடி.

போட்டி என்றதும் பிள்ளைகளுக்குப் பேய் பிடித்துவிட்டது. முதல் நாள் டிரம்மில் பாதி. மூன்றாம் நாள் அடி தெரிந்தது.

“பார்த்தியாடி, என் கை மணத்தை!” என்றாள் சித்தி.

ஐந்தாம் நாள் எறும்பு வந்தது. மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்து ஏழாம் வகுப்பு வரை ஒரே ஊர்வலம். மேசைகளைத் திறந்தார்கள். பென்சில் டப்பாவில் பீட்ரூட். தண்ணீர்ப் புட்டியில் பருப்பு. வரைபடச் சுருளுக்குள் சோறு. மூன்றாம் வகுப்புக் கீச்சான், குரல் கீச்சென்று இருப்பதால் அந்தப் பெயர், தன் மழைக்காலப் பூட்ஸையே நீட்டினான். உள்ளே மூன்று நாள் பீன்ஸ்.

“டிரம்முல போடக்கூடாதுன்னுதானே டீச்சர் சொன்னீங்க? நான் போடவே இல்ல!”

டீச்சர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார். சாப்பாட்டுக்கான போட்டி அன்றோடு முடிந்தது. காகிதப் போட்டி மட்டும் மிஞ்சியது. திங்கட்கிழமை டிரம் பழையபடி விளிம்புவரை. சித்தி அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். பத்தொன்பது வருஷ அடுப்பு. அதற்கு இன்னும் எட்டு நாள்.

செவ்வாய்க்கிழமை பருப்பு டின்னை நகர்த்தினேன். நோட்டு இல்லை.

டின்களை எல்லாம் இறக்கினேன். இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது: காலையில் கீச்சான் சமையலறைக்குள் புகுந்து, “அக்கா, பழைய காகிதம் இருக்கா?” என்று கேட்டான். நான் வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல் கையை ஆட்டியிருந்தேன். இல்லை என்று ஆட்டினேன். அவன் ‘எடுத்துக்கொள்’ என்று புரிந்துகொண்டு டின்னுக்குப் பின்னால் கைவிட்டிருக்கிறான்.

நீலத் தொட்டிக்கு ஓடினேன். காலி. காகிதம் எல்லாம் டீச்சர் அறையில் தரம் பிரிக்கப் போயிருந்தது. கதவு வரை போனேன். தட்டக் கை எழவில்லை. திரும்பி வந்து வெங்காயத்தை நறுக்கினேன். வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மதியம் டீச்சர் நோட்டோடு சமையலறைக்கு வந்தார். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

“அக்கா, இது யாரோடது?” என்று சித்தியிடம் கேட்டார்.

“எனக்கு எழுத்துன்னா கையெழுத்து மட்டும்தான் டீச்சர். என்ன போட்டிருக்கு அதுல?”

டீச்சர் வாசித்தார். “‘முதல் வகுப்பில் முப்பத்திரண்டு தட்டு. இருபத்தொன்பதில் பாதிச் சோறு அப்படியே. வயிறு சின்னது, கரண்டி பெரிது. நாலாம் வகுப்பு ஜன்னலோரப் பெண்ணுக்குப் பீட்ரூட் பிடிக்கும், பீன்ஸ் பிடிக்காது, சொல்ல மாட்டாள். போதும் என்று சொல்ல வாய் வராத பிள்ளைகள் வகுப்புக்கு ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு விரல் இருக்கிறது. விரலால் சொல்லலாம். ஒரு விரல் என்றால் கொஞ்சம். இரண்டு என்றால் பாதி. கையை விரித்தால் முழுசு.’”

“கரண்டி பெரிசாமா?” சித்தி இடுப்பில் கை வைத்தாள். “எந்தக் கழுதை எழுதினது?”

மூட்டைக்குப் பின்னால் எனக்குத் தும்மல் வந்தது.

“ஓ, நம்ம வீட்டுக் கழுதையா! வெளிய வாடி!”

வந்தேன். முகத்தில் அரிசித் தவிடு. டீச்சர் என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“ஒரு வாரமா இந்தத் தட்டை எல்லாம் எப்படிக் கணக்கெடுக்கிறதுன்னு மண்டையை உடைச்சிக்கிறேன். நீ ஒரு வருஷமா எடுத்து வெச்சிருக்க! வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?”

“அவ வாயைத் திறந்தா மழை பெய்யும் டீச்சர்” என்றாள் சித்தி. அப்புறம் குரல் இறங்கியது. “ஆனா அரை வயித்துச் சோறு போட எனக்கு மனசு வராது.”

நான் பேசினேன். மெதுவாகத்தான் வந்தது. “திரும்பி வந்து கேட்டா மறுபடி போடு சித்தி. எத்தனை தடவை வந்தாலும் போடு.”

சித்தி கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை ஆணியில் மாட்டிவிட்டு, தாளிக்கிற சின்னக் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

நோட்டை டீச்சர் என்னிடம் கொடுத்தார். திறந்து பார்த்தேன். தட்டுக் கணக்கு எழுதின பக்கங்களில் எல்லாம் சிவப்பு மையில் ஒரு டிக். எட்டாம் வகுப்புக்கு அப்புறம் எனக்குக் கிடைத்த முதல் டிக்.

புதன்கிழமை விரல் ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகப் போயிற்று. ஒருத்தன் நாலு விரல் காட்டினான். அது என்ன கணக்கு என்று சித்தி முழித்தாள். ஒருத்தி சோற்றுக்கு விரித்த கையும் பீன்ஸுக்கு மூடின முஷ்டியும் காட்டினாள். “இந்த முஷ்டி எதுக்கு, என்னைக் குத்தவா?” என்றாள் சித்தி. கூடமே சிரித்தது. ஜன்னலோரப் பெண் பீட்ரூட்டுக்கு இரண்டு கையையும் விரித்தாள். இரண்டாம் தடவைக்கும் வந்தாள். டிரம் பாதிக்கு வந்தது, பிறகு முக்கால்வாசி காலியானது. எறும்பு வருகிறதா என்று தினமும் மேசைகளைத் திறந்து பார்த்தோம். வரவில்லை.

பதினைந்தாம் நாள் அதிகாரி வந்தார். கையில் பளபளக்கும் பிளாஸ்டிக் உறை, அதற்குள் பாக்கெட் சாப்பாட்டுக்கான ஒப்பந்தத் தாள். தலைமை டீச்சர் கையெழுத்துப் போட்டால் போதும். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். கோட்டுக்கு நாலு விரல் கீழே கிடந்தது. நம்பவில்லை. குனிந்து மேசைகளுக்கு அடியில் பார்த்தார். கீச்சானின் பூட்ஸைக்கூடப் பார்த்தார்.

பிறகு தட்டை எடுத்து வரிசையில் நின்றார். “கொஞ்சமா போடுங்க.”

சித்தியின் கரண்டி அசையவில்லை. பின்னால் நின்ற கீச்சான், “சார், இங்க வாயில சொன்னா சோறு வராது! விரலைக் காட்டணும்!” என்றான்.

அவர் சுற்றிலும் பார்த்தார். முந்நூறு பிள்ளைகள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விரல் காட்டினார். சித்தி ஒரு விரல் அளவு போட்டாள். பிள்ளைகளோடு சின்ன பெஞ்சில் முழங்கால் முட்ட உட்கார்ந்து சாப்பிட்டார். தட்டு காலியானது. எழுந்தார். மறுபடி வரிசைக்கு வந்து, சித்தி எதிரே கையை முழுசாக விரித்தார்.

சித்தி அந்தப் பழைய பெரிய கரண்டியை ஆணியிலிருந்து எடுத்தாள்.

அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். தட்டைக் கழுவி அடுக்கில் வைத்தார். வாசலில் மூன்று தொட்டிகளின் முன் நின்று அந்த உறையைப் பார்த்தார். அப்படியே நீலத் தொட்டிக்குள் போட்டார்.

“சார்!” என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது. கூடத்து நடுவில் நின்றிருந்தேன். “உறை மஞ்சள்ல போடணும்.”

அவர் தொட்டிக்குள் கைவிட்டு எடுத்தார். தாளை உருவி நாலாக மடித்து நீலத்தில் போட்டார். உறையை மஞ்சளில் போட்டார். என்னைப் பார்த்து, ‘கொஞ்சம் தப்புதான்’ என்பதுபோல் ஒரு விரலை உயர்த்தினார். பிறகு கேட்டு மாமா திறந்து பிடித்த கதவு வழியாகப் போனார்.