சும்மா உட்காரும் வேலை

அன்று தூறல் விழுந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படகைச் சோதிக்க வந்த அதிகாரியின் முகம் நனைந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அதற்கு நானும் காரணமாக இருக்கலாம்.

தொழிற்சாலை ஆட்களைத் தன் படகில் அக்கரைக்கு ஏற்றிச் செல்ல அக்கா அனுமதி கேட்டிருந்தாள். கிடைக்காவிட்டால் மறுபடியும் மாமனார் கடையில் மாவு நிறுக்க வேண்டியதுதான். அதற்கான வேகச் சோதனைக்கு முந்தைய நாள் பார்த்து படகின் எஞ்சின் மக்கர் செய்தது. மெதுவாக ஓடும்போது பூனை போலக் குறுகுறுத்தது. கைப்பிடியைத் திருகி வேகம் கேட்டால் இருமிவிட்டு நின்றது.

"பெட்ரோல் பம்ப்ல சவ்வு கிழிஞ்சிருக்கு. மெதுவா ஓடப் போதும், வேகத்துக்குப் பத்தல. புதுசு வர ஒரு வாரமாகும்" என்றாள் அக்கா.

பெட்ரோல் குழாயின் நடுவில் முட்டை அளவில் ஒரு ரப்பர் பந்து இருந்தது. அமுக்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு ஏறும். அதைக் காட்டினாள்.

"நான் 'காத்து நல்லா இருக்குல்ல'ன்னு கேட்டா இதை அமுக்கிக்கிட்டே இரு. ஆனா பாக்க சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கணும்."

"நானா?"

"பொறந்ததுலேருந்து பழகின வேலைதானடா."

மறுக்க வழியில்லை. புத்தகத்தோடு நான் மூலையில் உட்கார்ந்தால் வீட்டில் என் தோளில் துணி காயப்போடுவார்கள்.

அதிகாரி முன்பக்கம் அமர்ந்தார். என் ஒரு கையில் புத்தகம், மறு கையில் பந்து. முதல் ஓட்டத்தில் அக்கா காற்றைப் பற்றிக் கேட்டதும் அமுக்கினேன்; படகு சீறிப் பாய்ந்தது. அவர் தலையாட்டினார். "இன்னொரு தடவை."

படகு மெதுவாகத் திரும்பியது. அந்த இடைவெளியில் ஒரு பக்கம் படித்தேன்.

"தம்பி, காத்து நல்லா இருக்குல்ல?"

யோசித்தேன். நல்ல காற்றுதானா? கொஞ்சம் ஈரமோ?

எஞ்சின் இருமி நின்றது. ஆற்றின் மேல் நீண்ட அமைதி. எனக்கு மிகவும் பிடித்த வகை.

"அமுக்குடா எருமை!"

இரண்டு கையாலும் அமுக்கினேன். புத்தகம் ஆற்றில் விழுந்தது. அக்கா எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்துக் கைப்பிடியைத் திருகினாள். படகு துள்ளியதில் அதிகாரியின் முகத்தில் தண்ணீர் வாரியடித்தது. அவர் துடைத்துக்கொண்டு என் கைகளைப் பார்த்தார்.

"இவரு யாரு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "எஞ்சின்ல ஒரு பாகம் சார்."

"நல்ல பாகமா மாத்திட்டு வாங்கம்மா. இது அடிக்கடி நின்னுபோகுது."

பம்பு வந்தது, அடுத்த சோதனையில் அனுமதியும் கிடைத்தது. அக்கா இன்றும் படகு ஓட்டுகிறாள். மாமனார் மாவு நிறுக்க வேறு ஆள் வைத்துக்கொண்டார். அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். எப்போதாவது அக்கரைக்குப் போகும்போது பின்பக்கமாகவே உட்காருகிறார். புத்தகம் கிடைக்கவில்லை. நான் அதே படகில் டிக்கெட் கிழிக்கிறேன். எஞ்சின் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை.