முப்பத்தெட்டு விடைத்தாளில் ஓர் ஏணி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் கண்டெடுத்தேன். நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே மடங்கிக் கிடந்த ஒரு ஜெராக்ஸ் தாள். கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. படிக்க எது கிடைத்தாலும் போதும் என்ற நிலை.

தாளில், அழகான சாய்ந்த கையெழுத்தில் இப்படி இருந்தது:

"திருட்டு. அடுத்தவர் கைவசம் உள்ள அசையும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்துவது. உதாரணம்: தம்பி, அத்தானின் ஏணியைக் கேட்டான். அத்தான் மறுத்தார். அத்தான் இல்லாத நேரத்தில் தம்பி ஏணியை எடுத்துப் போனான். நான்கு நாள் வேலை செய்து சம்பாதித்துவிட்டுத் திருப்பி வைத்தான். இது திருட்டா? ஆகாது. திருப்பித் தரும் எண்ணம் இருந்தது."

ஓரத்தில் யாரோ பென்சிலில், "தம்பி பாவம்" என்று எழுதியிருந்தார்கள்.

நான் சிரித்ததைக் கவனித்த வரவேற்பாளர் மேஜையிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினார். "அதைக் குடுங்க. அதுல தப்பு இருக்கு."

அதன்பின் ஐந்து முறை அந்த மருத்துவமனைக்குப் போனேன். இரண்டு முறை பல்லுக்காக.

2

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்: "வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நீதியின் தராசு அன்று

[இல்லை. அன்று நல்ல வெயில். தராசும் கிடையாது.]

இரண்டாவது தொடக்கம்: "நாற்பத்தொரு வயதில் சட்டம் படிப்பது என்பது ஒரு பெண்ணின் தீராத தாகத்தின்

[இதை அவரிடமே படித்துக் காட்டினேன். "தாகமெல்லாம் இல்லைங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பு, பஸ் ஸ்டாப் பக்கத்துலயே காலேஜ், அதான் சேர்ந்தேன்" என்றார்.]

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். பகலில் அவர் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். மாலையில் சட்டக் கல்லூரி மாணவி. கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் இருபது, இருபத்தொன்று. அவர்கள் அவரை நோட்ஸ் அக்கா என்று அழைத்தார்கள். நானும் இனி அக்கா என்றே எழுதப்போகிறேன், எனக்கு அவரைவிடப் பத்து வயது அதிகம் என்றாலும்.

அக்கா குறிப்பு எழுதும் முறை தனி. பாடப்புத்தகத்தில் "அ என்பவர் ஆ என்பவரிடம்" என்று வரும் இடமெல்லாம் அவருக்குத் தூக்கம் சொக்கும். அதனால் தன் வீட்டாரையே சட்டத்துக்குள் இழுத்துவிட்டார். ஒப்பந்தச் சட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரி மாவு அரைக்கும் இயந்திரத்தை வாடகைக்கு விட்டாள். அவதூறு முழுக்க நாத்தனார். அத்துமீறலுக்கு மாடி வீட்டுப் பூனை போதாமல், பூனையின் சொந்தக்காரரும் வந்தார். நோயாளிகள் வராத இடைவெளியில், பழைய எக்ஸ்ரே உறைகளின் பின்புறத்தில் எழுதி, பிறகு நோட்டில் பிரதி எடுப்பார். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் அந்த நோட்டுக்கு ஒரு தனித் தட்டே இருந்தது.

3

ஏணி விஷயம் நடந்த கதை.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவரிடம் மடக்கு அலுமினிய ஏணி ஒன்று உண்டு. வாசல் கதவுக்குப் பின்னால் நிற்கும். குழந்தையைக்கூடத் தொடவிட மாட்டார். அக்காவின் தம்பி கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவன். வாக்குக் கொடுப்பதில் கெட்டிக்காரன், அதற்கான சாமான்கள்தான் கையில் இருக்காது. பெரிய கடை ஒன்றில் வேலை கிடைத்ததும் அத்தானிடம் ஏணி கேட்டான். அத்தான் முடியாது என்றார். மறுவாரம் அத்தான் குளிக்கப்போன நேரம் பார்த்து ஏணி போய்விட்டது.

அந்த நான்கு நாளும் கணவர் அக்காவிடம் பேசவில்லை. திரும்பி வந்த ஏணியில் மூன்றாவது படி வளைந்திருந்தது. அதைப் பார்த்தபின் இன்னும் இரண்டு நாள் பேசவில்லை.

அந்த வாரம்தான் கல்லூரியில் திருட்டுப் பாடம். அக்கா நோட்டைத் திறந்தார். நடந்ததை ஒன்று விடாமல் எழுதினார். கடைசி வரிக்கு வந்தபோது கை தானாகவே "ஆகாது" என்று எழுதியது.

[இந்த இடத்தில் நான், "அக்காவின் கண்ணில் ஒரு துளி" என்று எழுதியிருந்தேன். அவர் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "கொட்டாவி விட்டேன்" என்று திருத்தியிருக்கிறார்.]

4

தேர்வுக்கு நான்கு நாள் முன்பு புத்தகத்தைப் புரட்டும்போதுதான் அக்காவுக்குப் பொறி தட்டியது. சட்டப்படி, திருப்பித் தருவது தம்பியைக் காப்பாற்றாது. மறுத்தது தெரிந்தும் ஆதாயத்துக்காக எடுத்தானா, எடுத்த நொடியிலேயே திருட்டு. அக்கா தன் நோட்டில் "ஆகாது" என்பதை அடித்து "ஆகும்" என்று எழுதினார்.

ஆனால் ஜெராக்ஸ் தாள்கள் எப்போதோ பறந்துவிட்டன. வகுப்புக் குழுவுக்கு அனுப்பக் கைப்பேசியில் ஒரு செய்தி தட்டினார்: "முப்பத்தோராம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு." அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அழித்தார். எதிரே வந்த இரண்டு பேரிடம் மட்டும் வாயால் சொல்லி, மற்றவர்களுக்கும் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். அந்த இருவரும் மறக்காமல் மறந்துபோனார்கள்.

தேர்வில் திருட்டு வந்தது. பதினைந்து மதிப்பெண். அக்கா சரியாக எழுதினார். முப்பத்தெட்டுப் பேர் ஏணியோடு தவறாக எழுதினார்கள்.

5

விடைத்தாள் திருத்தியவர் முதல் ஏணியை ரசித்தாராம். இரண்டாவது ஏணியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தாவது ஏணியில் தேர்வு அதிகாரிக்குப் போன் போட்டார். முப்பத்தெட்டுப் பேரின் முடிவும் நிறுத்தி வைக்கப்பட்டது. கூட்டாகக் காப்பி அடித்ததாகச் சந்தேகம். உறுதியானால் ஒரு வருடம் போய்விடும்.

விசாரணையில் ஒருவரும் அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் வினை. அது தங்கள் சொந்த உதாரணம் என்று ஒவ்வொருவரும் சாதித்தார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு தம்பி, ஓர் அத்தான், ஓர் ஏணி. வீட்டுக்கு ஒரே பிள்ளையான ஒருத்தன், தனக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் அவன் அப்படித்தான் செய்திருப்பான் என்று வாக்குமூலம் கொடுத்தான். அதிகாரியின் சந்தேகம் உறுதியானது.

பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை. சும்மா இருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அரை நாள் விடுப்பு கேட்டபோது, நாளெல்லாம் அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்லும் டாக்டரே, "வாயைத் திறக்காம இருந்தா உங்களுக்கு நல்லதுதானே" என்றார்.

அக்கா நோட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

6

[இங்கே ஒரு நீதிமன்றக் காட்சி எழுத ஆசைப்பட்டேன். நீளமான வாதம், மேஜையில் ஓங்கி ஒரு குத்து. உண்மையில் அது கல்லூரி அலுவலகத்தின் பின்னறை. காற்றாடி ஒரு சுற்றுக்கு ஒரு முறை கிறீச்சிட்டது. நான்கு நாற்காலியில் ஒன்றுக்குக் கை இல்லை. அதைத்தான் அக்காவுக்குக் கொடுத்தார்கள்.]

முதல்வர், தேர்வு அதிகாரி, குற்றவியல் பேராசிரியர் மூவரும் இருந்தார்கள். அக்கா நோட்டை விரித்து வைத்து, அந்த ஏணி தன் வீட்டு ஏணி, அந்தத் தவறு தன் தவறு, பிள்ளைகள் பார்த்து எழுதவில்லை, படித்து எழுதினார்கள் என்றார். பேராசிரியர் முப்பத்தோராம் பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

"மறுத்தது இருக்கு. தெரிஞ்சே எடுத்தது இருக்கு. சம்பாதிச்சது இருக்கு. எல்லாத்தையும் நீங்களே எழுதிட்டு, கடைசி வரியில அவனை எப்படி விட்டீங்க?"

அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவன் என் தம்பி சார்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். முதல்வரும் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் கோப்பின் நாடாவைக் கட்டத் தொடங்கினார். ஒரே நோட்டைப் படிப்பது குற்றமில்லை, தவறான விடைக்குத் தவறான விடையின் மதிப்பெண்தான் என்று முடிவானது. ஒரு வருடம் தப்பியது. ஆனாலும் ஆறு பேர் அந்தத் தாளில் தேறவில்லை. திரும்ப எழுத வேண்டும். முதல் மார்க் என்று எல்லோரும் அழைக்கும் பெண் நான்காம் இடத்துக்கு இறங்கினாள்.

7

கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். பலகை எழுதிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு மாணவன் அவனைப் பார்த்து, "நீங்கதானா அந்த ஏணித் தம்பி?" என்று கேட்டு, முழுக் கதையையும் சொல்லியிருக்கிறான்.

தம்பி செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். "படிச்சவங்க முப்பத்தெட்டு பேர் என்னை விட்டுட்டாங்க. கூடப் பொறந்த நீ மட்டும்தான் திருடன்னு எழுதியிருக்க."

"ஆமா. நீ எடுத்தது திருட்டுதான்டா."

தம்பி தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு உள்ளே போய் அத்தானுக்கு எதிரே உட்கார்ந்தான். அடுத்த வாரமும் ஒரு வேலை இருப்பதாக இழுத்தான். அத்தான் செய்தித்தாளை இறக்காமலே, கேட்டுவிட்டு எடுத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அத்தோடு அது தீர்ந்தது.

அக்காவுக்குத் தீரவில்லை. தம்பியிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடிந்ததை, வகுப்பில் சொல்லவில்லையே. தேர்வுக்கு முன்பே அவருக்குத் தெரியும் என்ற விஷயத்தை விசாரணையில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை, பேராசிரியர் வருவதற்கு முன் அக்கா எழுந்து கரும்பலகைப் பக்கம் போய் நின்றார். தேர்வுக்கு நான்கு நாள் முன்பே தவறைக் கண்டுபிடித்ததைச் சொன்னார். செய்தியைத் தட்டியதையும் அழித்ததையும் சொன்னார்.

"ஏன் அழிச்சீங்க?" முதல் மார்க் கேட்டாள்.

"நோட்ஸ் அக்காவுக்கே தெரியலைன்னு சொல்லுவீங்களேன்னு."

பின்பெஞ்சில் யாரோ ஒருவன் மெல்லக் கைதட்டினான். வேறு யாரோ அவனை அடக்கினார்கள். தேறாத ஆறு பேரில் ஒருத்தி, பாடம் நடத்தும்போது தான் தூங்கியதும் உண்மைதான் என்றாள். சிரிப்பு எழுந்தது. முதல் மார்க் மட்டும் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அதன்பின் அக்கா இருந்த பக்கமே அவள் திரும்பவில்லை. அக்காவும் ஜெராக்ஸ் கடைக்கு நோட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

8

முடிவுகள் இரண்டு எழுதிவைத்திருந்தேன்.

(க) முதல் மார்க் பெரிய வக்கீல் ஆகிறாள். தன் முதல் வழக்கில்

[அவளுக்கு வயது இருபது. இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. பொறுங்கள்.]

(உ) அக்கா படிப்பை விட்டுவிடுகிறார்.

["ஏன் விடணும்?" என்று சிவப்புப் பேனா. மூன்று அடிக்கோடு.]

நடந்தது இதுதான். ஐந்து வாரம் கழித்து, வணிகச் சட்டத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில், பகல் பன்னிரண்டு மணிக்கு, நானும் அங்கே இருந்தபோது, முதல் மார்க் மருத்துவமனைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பல்லில் ஒன்றுமில்லை. கையில் புது நோட்டு. அதை மேஜைமேல் வைத்தாள். அக்கா புரட்டினார். பொருள் விற்பனை, கூட்டு வியாபாரம், முகவர், காசோலை, எல்லாம் பிசிறில்லாத கையெழுத்தில். ஒரு தப்பு இல்லை. ஒவ்வொரு பிரிவின் கீழும் "உதாரணம்:" என்று எழுதி, நான்கு வரி காலியாக விட்டிருந்தாள்.

"சட்டம் நான் எழுதிட்டேன். யாரும் குறை சொல்ல முடியாது" என்றாள். "உதாரணம்தான் வரலை. அ, ஆன்னு எழுதினா எனக்கே படிக்கப் பிடிக்கலை. நீங்க போடுங்க. ஒவ்வொண்ணையும் நான் பார்த்துட்டுதான் கடைக்குக் கொடுப்பேன்."

"யார் வீட்டு ஆளுங்களைப் போடறது? என் வீட்டுல இனி யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

முதல் மார்க் யோசித்தாள். முதல் தடவையாக அவள் வாயோரம் லேசாக அசைந்தது.

"எங்க மாமாவைப் போட்டுக்கங்க அக்கா. அவர் பழைய சாமான் வாங்கி விக்கறார். அவர் ஒருத்தரே போதும், சிலபஸ் முடிஞ்சிடும்."

அக்கா பேனா மூடியைக் கழற்றினார். முதல் மார்க் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காதோரம் குனிந்து ஏதோ சொன்னாள். அக்கா அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. என்ன சொன்னாள் என்று பிறகு எத்தனை முறை கேட்டும் இருவரும் சொல்லவில்லை. அது குடும்ப விஷயமாம்.

அதனால் என்னால் முடிந்தது முதல் வரியின் பாதி வரைதான். உங்கள் வீட்டிலும் ஒரு மாமா இருப்பார். மீதியை நீங்கள் எழுதுங்கள். எழுதியதும் சட்டம் தெரிந்த யாரிடமாவது காட்டிவிடுங்கள்.

பொருள் விற்பனை. உதாரணம்: மாமா ஒரு