துரைக்கும் லொறிக்கும் நடுவில்

எங்கள் அலுவலகம் ஹட்டனில், ஒரு புடவைக் கடைக்கு மேல். தேயிலைத் தோட்டங்களுக்கான செயலிகளை இங்கே யாரும் வரி வரியாக எழுதுவதில்லை. வேலை நடக்கும் முறையைப் பெட்டிகளாகவும் அம்புகளாகவும் வரைவோம். செயலி அந்தப் படத்திலிருந்து தானாக உருவாகும். ஒன்பது தோட்டங்களுக்கு நாற்பத்தொரு படங்கள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியான படங்களைக் கண்டுபிடிக்கும் கருவியை எழுதியவன் நான்.

செவ்வாய்க்கிழமை அது பதினான்கு இரட்டைகளைக் காட்டியது. ஏழாவதில் ஒன்று, வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்துக்காக ஜீவராணி வரைந்தது. என் மனைவி. டெங்குவில் போய் ஏழு மாதம். 'குளவி கொட்டினால்' என்று பெயர் வைத்திருந்தாள். மற்றது கந்தப்பளைப் பக்கத்து நிர்வாகம் ஒன்று கொடுத்தது. நூற்றுக்கு நூறு பொருத்தம்.

"ஒன்ன தூக்கிடு விஜி," என்றார் மேலாளர் கஜேந்திரன். "கந்தப்பளைய வச்சுக்க. அதுலதான் துரை கையெழுத்து இருக்கு."

தூக்குவதற்கு முன் இரண்டையும் அருகருகே திறந்தேன். அதே நான்கு பெட்டிகள்: கங்காணி, லொறி, தோட்டத்தை நடத்தும் துரை, ஆஸ்பத்திரி. அதே மூன்று கோடுகள். ஜீவராணியின் படத்தில் லொறியிலிருந்து துரைக்கு அம்பு: வண்டி கிளம்பிவிடும், பிறகு தகவல் போகும். மற்றதில் துரையிலிருந்து லொறிக்கு: அவர் சொன்னால்தான் வண்டி கிளம்பும்.

தவறு என்னுடையது. தோட்டத்துக் கிளாக்கர்மார் எதை வரைந்தாலும் எல்லா அம்பையும் துரைப் பெட்டியை நோக்கியே போடுவார்கள். அந்தத் தொல்லைக்காக, அம்பின் திசையைப் பார்க்காதே என்று கருவிக்குச் சொல்லியிருந்தேன்.

அந்த வரியை நீக்கி மறுபடி ஓட்டினேன். இரட்டைகள் மூன்றாகக் குறைந்தன.

கஜேந்திரன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "திங்கக்கிழம கம்பெனிக்காரங்க வாராங்கப்பா. பதினாலு படத்த குறைச்சிட்டோம்னு சொல்லிட்டேன். பழையபடி மாத்து."

"மாட்டேன்."

"ஜீவராணியும் கிளாக்கர் மாதிரி பழக்கத்துல துரைய பாத்து போட்டிருக்கும்."

படத்தின் கீழே அவள் எழுதியிருந்த குறிப்பைக் காட்டினேன். கொழுந்து பறிக்கும் வேலாயி அக்காவிடம் கேட்டு எழுதியது: 'தொர டவுனுக்குப் போயிருந்தா? லொறி நிக்கக் கூடாதும்மா.'

"பொண்டாட்டி வரைஞ்சதுங்கிறதுக்காக..."

"தப்பா வரைஞ்சிருந்தா நானே அழிச்சிருப்பேன். நூறு குளவி கொட்டுனா, அனுமதி வர்ற வரைக்கும் நீங்க நிப்பீங்களாண்ணே?"

"நான் ஏன்டா நிக்கிறேன்? நானா மலையில கொழுந்து பறிக்கிறேன்?"

"உங்கம்மா பறிச்சாங்க."

அவர் எழுந்து தன் அறைக்குப் போனார். கதவு அறைந்த சத்தத்தில் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது.

அறிக்கையில் ஏழாவது இரட்டைக்கு எதிரே எழுதினேன்: 'இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். மற்றதில் அனுமதிக்குக் காத்திருக்கிறாள். இரண்டாவதைத் திருத்தும்வரை அதிலிருந்து செயலி உருவாக்க மாட்டேன். விஜிதரன்.' ஒன்பது தோட்டங்களுக்கும் அனுப்பினேன். கஜேந்திரனுக்கும் ஒரு பிரதி.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "என்னத்தடா அனுப்புன?"

"வாசிங்கண்ணே."

பட்டியலிலிருந்து உதிர்ந்த இரட்டைகளில் இன்னும் பத்து பாக்கி. அடுத்ததைத் திறந்தேன்.