கருகின ரொட்டி

வெர்டெலின் விரல்களுக்குச் சூடு தெரியாது. நாலு வருஷமாகச் சின்சினாட்டியில் ஓர் இசைத்தட்டு ஆலையில் அச்சுப்பொறி முன் நிற்கிறாள். கொதிக்கிற அரக்கு உருண்டையைக் கையில் எடுத்து, மேலே ஒரு லேபிள், கீழே ஒரு லேபிள் வைத்து, பொறியை இழுத்து மூடினால் ஒரு தட்டு ஆயிற்று. ஒருத்திக்கு இரண்டு பொறி: இடதில் ஒரு பாட்டு, வலதில் இன்னொரு பாட்டு. நின்று நின்று விரல்நுனி தடித்து மரத்துவிட்டது. செப்டம்பரில் புருஷன் லியோட்டிஸ் கென்டக்கி சாலையில் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தபின் மற்றதெல்லாமும் மரத்துவிட்டது. சாவு வீட்டில் அவள் அழவில்லை. பார்த்தவர்கள் என்னவோ சொன்னார்கள், சொல்லட்டும். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வேலைக்கு வந்து நின்றாள்.

டிசம்பரில் ஒரு புதன்கிழமை காலை, கடைகளிலிருந்து திரும்பி வந்த பெட்டிகளை மேஸ்திரி பிராவர் அவள் பக்கம் தள்ளினார். விற்காத தட்டுகளின் நடுவே உள்ள லேபிளை வட்டமாகக் குத்தி எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை அரைத்து உருக்கிப் புதுத் தட்டு போடுவார்கள். மேல் பெட்டியைத் திறந்தாள். லேபிளில் லியோட்டிஸ் க்ரே என்று இருந்தது. கீழே பாட்டின் பெயர்: கருகின ரொட்டி.

அவன் பாடிப் பதிவான ஒரே தட்டு அது. அதை அவள் இதுவரை கேட்டதில்லை. கேட்கமாட்டேன் என்று அவள்தான் முறுக்கிக்கொண்டாள். ஒருநாள் சோளரொட்டி அடிபிடித்துப் போனதை இந்த மனுஷன் பாட்டாகக் கட்டி, டிரம், சாக்ஸபோன் எல்லாம் வைத்து ஊரைக் கூட்டிப் பாடினால் யாருக்குத்தான் கோபம் வராது? அடுக்களையில் அவன் பாட வாயெடுத்தபோதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டாள். பதிவு முடிந்த பத்தாம் நாள் அவன் இல்லை. முன்னூறு தட்டு போட்டதோடு கம்பெனிக்காரர்கள் கைகழுவிவிட்டார்கள். அந்தப் பாட்டின் அச்சு பழைய செம்பு விலைக்குப் போயிற்று. அவன் குரல் இனி எங்காவது உண்டென்றால், இந்தப் பெட்டிகளுக்குள்தான்.

"சார், இதுல ஒண்ணு நான் எடுத்துக்கட்டுமா?"

பிராவர் லேபிளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒண்ணு என்ன, பத்து எடுத்துக்கோ. யாரு கேக்கப்போறா?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மேலீன் உட்காரும் கண்ணாடி அறைக்குப் போனாள். நூற்றுக்கு ஒரு தட்டை எடுத்துப் போட்டுக் கேட்டுப் பார்ப்பது மேலீனின் வேலை. ஆலையிலேயே உட்கார்ந்து செய்யும் ஒரே வேலை என்று எல்லாருக்கும் அவள்மேல் பொறாமை உண்டு.

"கோபம் தீந்துச்சாடி உனக்கு? இப்பவாவது அந்த மனுஷன் பாட்டைக் கேக்க வந்தியே," என்று சொல்லிக்கொண்டே மேலீன் ஊசியை வைத்தாள்.

பியானோ ஒலித்தது. அப்புறம் ராய்ஸ் டிம்மன்ஸ் பாடினார். வானொலியைத் திருகினால் போதும், வந்து நிற்கிற அதே டிம்மன்ஸ், அதே பாட்டு. மேலீன் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டாள். அதிலும் டிம்மன்ஸ். நாலாவது தட்டுக்குமேல் அவளும் போடவில்லை.

"வலது பொறியில டிம்மன்ஸ், இடது பொறியில அவரு," என்றாள் வெர்டெல் மெதுவாக. "வேலைக்குத் திரும்பின அன்னைக்கு லேபிளை மாத்தி வச்சிருக்கேன். முன்னூறும்."

"நான் கேட்டுப் பாத்திருந்தா முதல் தட்டுலயே தெரிஞ்சிருக்கும்," என்றாள் மேலீன். "அன்னைக்கு மத்தியானம் பூரா உன் பக்கத்துலயே நின்னேன். நீ அழுதா பிடிச்சுக்கலாம்னு. நீ அழவே இல்ல. நான் ஒரு தட்டுகூடக் கேக்கல."

"விடு."

அவன் குரல் இருந்த தட்டுகள் டிம்மன்ஸ் பெயரில் டிம்மன்ஸின் ஆயிரக்கணக்கான தட்டுகளோடு கலந்து நாடெங்கும் போய்விட்டன. அதை எங்கே போய்த் தேடுவது? வெர்டெல் இடத்துக்குத் திரும்பி வந்து லேபிள்களைக் குத்தி எடுக்க ஆரம்பித்தாள். அவன் பெயர் வட்டம் வட்டமாகக் கூடையில் விழுந்தது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றும் தோன்றவில்லையே என்பது மட்டும் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து, அச்சுப்பொறியில் அவள் கை வைத்துச் சுட்டுக்கொண்ட காலையில், பிராவர் ஒரு கடிதத்தோடு வந்தார்.

"இந்தக் கூத்தைக் கேளு. அலபாமாவுல ஒரு சாப்பாட்டுக் கடைக்காரம்மா எழுதியிருக்கு. 'நீங்கள் அனுப்பிய டிம்மன்ஸ் தட்டில் பாடுவது டிம்மன்ஸ் இல்லை. ரொட்டி கருகினதைப் பற்றி எவனோ பாடுகிறான். காசு போட்டுக் கேட்கிற ஜூக்பாக்ஸிலிருந்து அதை எடுக்க என் கடைக்கு வருகிறவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். தேய்ந்து போவதற்குள் இன்னும் இரண்டு அனுப்பவும்.' எவளோ கண்ணை மூடிக்கிட்டு வேலை பாத்திருக்கா. கையில கிடைச்சா..."

"நான்தான் சார்."

பிராவர் அவளைப் பார்த்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அது அவர் பாட்டு," என்றாள். "அடக்கம் முடிஞ்சு வந்த அன்னைக்குப் போட்டது. வேலையை விட்டுப் போகச் சொன்னா போறேன்."

"யாரு போகச் சொன்னா? உள்ள வா." அவர் தன் அறைக்குள் போய் டெலிபோனை எடுத்தார். "தப்பாப் போன சரக்கைத் திருப்பி வாங்குறதுதானே வழக்கம். வாங்கி உன் கையில குடுத்துடுறேன்."

தொடர்பு கிடைக்கக் கால்மணி ஆயிற்று. பிராவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அவளிடம் கொடுத்தார். மறுமுனையில் சாப்பாட்டுத் தட்டுகள் மோதுகிற சத்தம், ஆண்கள் பேச்சு.

"யாரு கண்ணு பேசுறது?" என்றது ஒரு பெண்குரல்.

"நான் வெர்டெல் க்ரே. அந்தத் தட்டுல பாடுறது என் வீட்டுக்காரர்."

"அடி ஆத்தி! அந்த வெர்டெலா நீ? ரொட்டியைத் தீய விட்டவளா?"

"அதை ஒருதரம் போடுங்களேன். நான் கேட்டதில்ல."

டெலிபோனை எங்கோ இழுத்துக்கொண்டு போகிற சத்தம். கரகரப்பு. அப்புறம் டிரம், சாக்ஸபோன், அவன். அடுக்களையில் குழாய்ச் சத்தத்துக்கு மேலே கத்துவானே, அதே தொண்டை. என் வெர்டெல் சுட்ட ரொட்டி என்னாச்சு என்று கேட்டான். கருகிப்போச்சு என்று கடை முழுக்கக் கத்தியது. எனக்கு வேறே ரொட்டி வேணுமா என்றான். வேணாம் வேணாம் என்றது கடை. அந்த வரிவரை அவள் எப்போதும் அவனைப் பாடவிட்டதில்லை.

"அன்னைக்கு அடுப்பு சரியில்ல," என்றாள் டெலிபோனுக்குள். "அன்னைக்கு அடுப்புதான் சரியில்ல, லியோ." முகம் நனைந்திருந்தது. காலையில் சுட்ட விரல் இப்போது எரிய ஆரம்பித்தது, தாங்க முடியாமல் எரிந்தது.

பாட்டு முடிந்தது. யாரோ "இன்னொரு தரம்!" என்றார்கள்.

"தட்டை அனுப்பிவிடட்டுமா கண்ணு?" என்றாள் கடைக்காரி. "உன்னோடதாச்சே."

வெர்டெல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்," என்றாள். "அங்கேயே இருக்கட்டும். ஊசியை மட்டும் அடிக்கடி மாத்துங்க."